பாட்டு நோட்டு போன வழி

கையால் எழுதிய நோட்டு அது. எழுத்து மலையாளம். பாட்டுக்குள் வருகிறவர்கள் ஆபிரகாம், யோசேப்பு, ரூத், எஸ்தர். நடுநடுவே தம்புரான் என்று கூப்பிடப்படுகிறவர் யூதர்களின் கடவுள். எழுதியவர் கொச்சியிலோ எர்ணாகுளத்திலோ பரவூரிலோ சேந்தமங்கலத்திலோ மாளையிலோ வாழ்ந்த ஒரு யூதப் பெண். அம்மாவுடைய நோட்டையோ சித்தியுடைய நோட்டையோ பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதியிருப்பார். பிற்காலத்தில் அவர் மகளோ தோழியோ இந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் போய் இன்னொன்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

தப்பிப் பிழைத்தவற்றில் மூத்த நோட்டுகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 300 பாட்டுகள் தேறுகின்றன. இந்த நோட்டுகள் மட்டாஞ்சேரி போன்ற ஊர்களின் சந்துகளில் பிறந்து, 1950களில் இஸ்ரேலுக்குப் போய், அங்கே பெட்டிக்கடியில் இருபது வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, பிறகு நகலாகி, குறுந்தட்டாகி, புத்தகமாகி, மறுபடி மலையாளம் படிக்கிறவர்கள் கைக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கேரள யூதர்களிடம் ஆண்களின் பாட்டு ஹீப்ருவில் இருந்தது. யூதப் பள்ளியில் ஓதுகிற வழிபாட்டுப் பாட்டு. அதற்கு அச்சிட்ட புத்தகம் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. பெண்களின் பாட்டு மலையாளத்தில் இருந்தது. கல்யாணம், பண்டிகை, வீட்டு விசேஷம் என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் கைதட்டி, வட்டமாகச் சுற்றிவந்து, கும்மியடிப்பதுபோலப் பாடுவார்கள். அந்நிய ஆண்கள் காதில் பெண்ணின் பாட்டு விழக் கூடாது என்பது உலகின் பல பகுதிகளில் ஆசாரமான யூதர்கள் கடைப்பிடிக்கும் விதி. கேரளத்தில் அந்த விதி எடுபடவே இல்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் பெண்கள் வாய்விட்டுப் பாடினார்கள். ஹீப்ருப் பாட்டுகளையும் ஆண்களோடு சேர்ந்து பாடினார்கள்.

இந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோட்டின் பிறப்புக்கே அதுதான் காரணம். நான் இருப்பது குத்தம்பாக்கம், பூந்தமல்லி தாண்டித் திருமழிசைக்குப் பக்கத்தில். இங்கே நடவும் களையெடுப்பும் நடந்த காலத்தில் ஒவ்வொரு நடவுக் கூட்டத்திலும் பாட்டுக்கென்று ஒரு அம்மா இருப்பார். அவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எழவு வீட்டில் ஒப்பாரிக்கும் அவரைத்தான் முதலில் தேடுவார்கள். நூற்றுக்கணக்கான பாட்டை நெஞ்சில் வைத்திருந்த அவருக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. நிலமெல்லாம் மனையாகி, கல் நட்டு, வெளிவட்டச் சாலை வந்து, நடவுக்கு ஆள் கூப்பிடுவது நின்றதும் பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவரும் போனார். எடுத்துப் பார்க்க ஒரு நோட்டு இல்லை. கொச்சிப் பெண்களின் நோட்டை நான் இவ்வளவு அக்கறையோடு தேடிப் படித்ததற்கு இதுதான் காரணம்.

அந்த நோட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதன் கலப்பு. பைபிள் கதைப் பாட்டு ஒன்று முடியும். அடுத்தது மணப்பெண்ணை அலங்கரிக்கும் பாட்டாக இருக்கும். அதற்கடுத்து ஒரு யூதப் பள்ளியைக் கட்டிய கதை. பிறகு ஒரு கிளிப் பாட்டு. பழைய பாட்டுகளில் இவராயி என்பவரின் பயணத்தைச் சொல்லும் ஒன்று இருக்கிறது. ஜெருசலேமில் புறப்பட்டு எகிப்து, ஏமன், பாரசீகம் வழியாகப் பாலூர் வந்து சேருகிறார் அவர். பாலூர் குருவாயூர்ப் பக்கத்து ஊர், கேரள யூதர்கள் தங்கள் பூர்விக ஊர்களில் ஒன்றாக நினைப்பது. வந்த வழியை ஒரு பாட்டாகக் கட்டி, அதைப் பேத்திகள் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் சீயோன் என்ற பூர்வ பூமிக்குத் திரும்பும் ஆசையைச் சொல்லும் புதுப் பாட்டுகளும் மலையாளத்திலேயே எழுதப்பட்டு அதே நோட்டுகளில் ஏறின. ஒரே நோட்டில் வந்த வழியும் இருக்கிறது, போகப்போகும் வழியும் இருக்கிறது.

மணப்பெண் பாட்டுகளைப் படித்தால் தமிழ் வாசகருக்கு ஒன்று உறைக்கும். இது நம் வீட்டுப் பாட்டு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் கல்யாணப் பாட்டுக்கும், மாப்பிளா முஸ்லிம்களின் ஒப்பனப் பாட்டுக்கும் இவற்றுக்கும் உறவு நெருக்கமானது. மலையாளப் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியா இதைத்தான் விடாமல் சொல்லிவந்தார். இவற்றை யூதர் வரலாற்றுக்கான ஆவணம் என்று ஒதுக்கி வைக்காமல் மலையாளப் பாட்டு மரபின் ஒரு கிளையாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மலையாளமும் தமிழும் இன்னும் முழுதாகப் பிரிந்திராத காலத்து ஆவணம் ஒன்றும் இந்தச் சமூகத்திடம் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற உரிமையையும் விடுபேறு எனப்பட்ட 72 சலுகைகளையும் கொடுத்த செப்பேடு அது. எழுத்து வட்டெழுத்து. கொடுத்த உரிமைகளின் பட்டியலைப் பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம். தமிழ் தெரிந்த யாரும் உரை இல்லாமல் புரிந்துகொள்ளலாம். செப்பேடு மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில் ஆண்களின் காவலில் இருந்தது. அது சொன்ன பெருமையோ கல்யாணப் பாட்டாகப் பெண்களின் வாயில் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலம், விளக்கு, குடை எல்லாம் பாட்டில் வரும்போது பழைய மன்னன் கொடுத்த வரிசையைத்தான் அவர்கள் நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

1662-ல் போர்ச்சுகீசியர் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவைச் சூறையாடிப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். பழைய ஏடுகளும் பதிவேடுகளும் அப்போது எரிந்துபோயின என்பது கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. கொச்சியில் டச்சுக்காரர் கை ஓங்கிய பிறகுதான் பள்ளியை மறுபடி எழுப்பினார்கள். பழைய ஏடு இல்லாத ஒரு சமூகத்துக்குப் பாட்டுதான் ஏடு. நோட்டுகளில் பள்ளி கட்டிய பாட்டுகள் இத்தனை கவனத்தோடு காப்பாற்றப்பட்டிருப்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இந்தச் சமூகத்துக்குள் ஒரு சுவரும் இருந்தது. மட்டாஞ்சேரியில் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்து குடியேறிய பரதேசிகள் தங்களை உயர்ந்தவர்களாக வைத்துக்கொண்டார்கள். முன்பிருந்தே இங்கு வாழ்ந்த மலபாரிகளோடு பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்று ஐரோப்பியர் எழுதி வைத்தது இந்தப் பிரிவினையைத்தான். பரதேசிப் பள்ளியிலேயே, முன்னோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்று சொல்லி ஒரு கூட்டத்தைப் பெஞ்சில் உட்கார விடாமல், ஓத விடாமல் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரானவர் ஏ. பி. சேலம். காந்தி வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாக விலகின. ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. நம் ஊர்களில் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒட்டி வாழ்கிற இரட்டை வீடுகளைக் கட்டுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள்.

சுவரைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பரதேசி வீட்டு நோட்டையும் மலபாரி வீட்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், ஒரே பாட்டு இரண்டிலும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஓதாத காலத்திலும் பெண்களின் பாட்டு சந்து தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இனி நோட்டு புறப்படுகிற காலத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஐரோப்பாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஹிட்லரின் ஆட்சி கொன்ற 60 லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் யிட்டிஷ் என்ற யூத மொழி பேசியவர்கள். ஊரோடு, தெருவோடு, பாடியவரோடும் கேட்டவரோடும் சேர்த்து ஒரு பாட்டு மரபே அழிந்தது. வில்னாவைச் சேர்ந்த கவிஞர் ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி, நாஜிகள் கண்ணில் மண்ணைத் தூவி யிட்டிஷ் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் ஒளித்து வைத்த குழுவில் இருந்தவர். பிறகு காட்டுக்குப் போய்க் கெரில்லாக்களோடு சேர்ந்து போராடினார். போர் முடிந்ததும், உயிர் தப்பியவர்களைத் தேடித் தேடிப் போய், முகாமிலும், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவிலும் பாடிய பாட்டுகளைக் கேட்டு எழுதினார். அவர் கையில் நோட்டு எதுவும் இல்லை. பாடத் தெரிந்த ஒரு வாய் மிஞ்சியிருந்தால் ஒரு பாட்டு மிஞ்சியது. 1948-ல் நியூயார்க்கில் அது 200-க்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட பெரிய தொகுப்பாக வந்தது. 1954-ல் அர்ஜென்டினாவில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். வட அமெரிக்காவில் ரூத் ரூபின் என்ற பாடகி குடியேறிகளைத் தேடிப் போய்ப் பழைய யிட்டிஷ் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். கேட்டதைத் தானும் மேடையில் பாடினார்.

கேரளத்தில் அந்தக் காலத்தில் தீயும் இல்லை, கொலையும் இல்லை. போர்ச்சுகீசியர் காலம் போன்ற சில கட்டங்களைத் தவிர இங்கே யூதர்களை யாரும் துன்புறுத்தவில்லை. அவர்கள் போனது பக்தியால், ஆசையால். ஆனாலும் முடிவைப் பார்த்தால் ஒரு பாட்டு மரபு தான் பிறந்த மண்ணைவிட்டு வேரோடு கிளம்பியது. ஐரோப்பாவில் மிஞ்சியவர்களின் வாயிலிருந்து சேகரிக்க வேண்டியிருந்ததைக் கொச்சிப் பெண்கள் யாரும் கேட்காமலே, பல வருஷங்களுக்கு முன்பே, தங்கள் கையாலேயே எழுதி முடித்திருந்தார்கள்.

கிளம்புவது சுலபமாக நடக்கவில்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,400 யூதர்கள் இருந்தார்கள். சொத்தை விற்றுவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களை இஸ்ரேல் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. கொச்சியில் யானைக்கால் நோய் அதிகம். அது தங்கள் நாட்டில் பரவிவிடும் என்று அங்கிருந்த சுகாதார அதிகாரிகள் பயந்தார்கள். அந்த வறண்ட மண்ணில் பரவாது என்று மருத்துவர்கள் எடுத்துச் சொல்லி, அனுமதி கிடைக்க வருஷங்கள் ஆயின. 1953-க்கும் 1955-க்கும் இடையில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்கள் தோரா என்னும் வேதச் சுருள்களை எடுத்துப் போனார்கள். பெண்களின் துணிமணிகளுக்கு நடுவே நோட்டு போயிற்று. மலபாரிப் பள்ளிகள் பூட்டப்பட்டன. மட்டாஞ்சேரியிலிருந்த கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடு கொண்ட உட்புறத்தைப் பிற்காலத்தில் அப்படியே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தியிருக்கிறார்கள். மரத்துக்குக் கிடைத்த மரியாதை நோட்டுக்குக் கிடைக்க இன்னும் நாள் ஆயிற்று.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது விவசாயக் குடியிருப்பு. நெகேவ் பாலைநிலத்தில் நெவாதிம், ஜெருசலேம் போகும் வழியில் மெசிலத் சீயோன், தவோஸ், வடக்கே லெபனான் எல்லையை ஒட்டி யூவால். கொச்சியில் மீன், முட்டை, கோழி விற்றவர்களும் சிறு கடை வைத்திருந்தவர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். பிள்ளைகள் ஹீப்ருப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். புது நாட்டுக்கு ஹீப்ரு ஒன்றே மொழி என்ற வேகம் அன்று எவ்வளவு இருந்தது என்றால், 1950-ஐ ஒட்டி உள்ளூர்க் குழுக்களின் யிட்டிஷ் நாடகத்துக்கே அரசுத் தணிக்கைக் குழு தடை போட்டது. லட்சக்கணக்கானோர் பேசி வந்த யிட்டிஷுக்கே அந்தக் கதி என்றால், இரண்டாயிரம் பேரின் மலையாளத்தை யார் கவனிப்பார்கள்? பழைய ஊர்ப் பேச்சு பேரன் பேத்திகளுக்குக் கூச்சமாயிற்று. புதுக் கல்யாணங்களில் புதுப் பாட்டு ஒலித்தது. பாட்டிகள் தங்களுக்குள் கூடும்போது மட்டும் பழைய பாட்டைப் பாடிக்கொண்டார்கள். மலையாள எழுத்து படிக்கத் தெரியாத தலைமுறை வளர்ந்தபோது நோட்டு வெறும் கிறுக்கல் காகிதமாயிற்று. குப்பைக்குப் போனவையும் உண்டு.

இந்த இடத்தில் ரூபி டேனியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1912-ல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். பரதேசிப் பள்ளியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அதே கூட்டத்தைச் சேர்ந்த குடும்பம். எர்ணாகுளத்தில் படித்து, அரசு வேலை பார்த்து, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தவர். 1951-ல் இஸ்ரேல் போய், வடக்கே நியோத் மொர்தெகாய் என்ற கிப்புட்சில் வாழ்ந்தார். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் அமைத்த கூட்டுப் பண்ணை அது. எல்லாரையும் இழந்து வந்தவர்கள் நடுவே, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த ஒரு கொச்சிப் பெண். பாட்டி சொன்ன கதை, பாட்டி பாடிய பாட்டு, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது உட்பட எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. மலையாளப் பாட்டுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து எழுதிய அவருடைய நினைவு நூல் 1995-ல் வந்தது. 2002-ல் காலமானார். அந்த நூலை இந்தியப் பெண்களின் தன்வரலாறுகளில் மிக முக்கியமான ஒன்றாக நான் வைப்பேன். வீட்டுக்குள்ளே இருந்த ஒதுக்கலை இவ்வளவு ஒளிவுமறைவின்றி எழுதியவர்கள் குறைவு.

நோட்டுகளைத் தேடும் வேலை 1970களில் சூடுபிடித்தது. அதற்கு முன்பே, 1947-ல், ஏ. ஐ. சைமன் என்ற கொச்சி யூதர் இந்தப் பாட்டுகளின் வரலாற்று மதிப்பைப் பற்றி எழுதியிருந்தார். இஸ்ரேலில் ஷெர்லி ஐசன்பெர்க் குடியிருப்பு குடியிருப்பாகப் போய் நோட்டுகளைக் கேட்டு வாங்கி நகலெடுத்தார். கேரளத்துப் பத்திரிகையாளர் பி. எம். ஜுஸ்ஸே நகல்களைப் படித்துப் பொருள் கண்டார். பார்பரா ஜான்சன் ஒலிப்பதிவுக் கருவியோடு பாட்டிகள் முன் உட்கார்ந்தார். நோட்டைச் சேர்க்க ஒருவர், படித்துப் பொருள் சொல்ல ஒருவர், பாட்டைப் பிடிக்க ஒருவர் என்று மூன்று பக்கமும் ஒரே காலத்தில் கைவைத்ததுதான் இந்தக் கதையில் நடந்த பெரிய நல்ல காரியம். பத்து வருஷம் தாமதித்திருந்தால் பாடியவர்களில் பலர் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஸ்கரியா சக்கரியாவும், மலையாளம் கற்றுத் தேர்ந்த இஸ்ரேலிய ஆய்வாளர் ஓஃபிரா கம்லியேலும் சேர்ந்தார்கள். அவர்கள் வேலையின் கஷ்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நோட்டு எழுதியவர்கள் மொழியறிஞர்கள் இல்லை. பாட்டில் வரும் பழஞ்சொல் பல அவர்கள் காலத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. பொருள் தெரியாத சொல்லைப் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்து மாறும். அடுத்த நோட்டில் அந்த மாறிய சொல்லுக்கு ஏதாவது பொருள் வர வேண்டுமே என்று இன்னொரு எழுத்து மாறும். மூன்றாவது நோட்டில் வரியே வேறாகிவிடும். ஹீப்ருச் சொற்களோ காதில் விழுந்தபடி மலையாள எழுத்தில் ஏறியவை, ஆளுக்கொரு விதமாக. ஆகவே ஒரு பாட்டைப் படிக்க வேண்டுமென்றால் அது இருக்கிற எல்லா நோட்டையும் விரித்து வைக்க வேண்டும். எர்ணாகுளத்து நோட்டில் சிதைந்த வரி பரவூர் நோட்டில் தெளிவாக இருக்கலாம். அதற்கும் மேலே, ஒலிநாடாவில் பாட்டி அந்த இடத்தில் எப்படி உச்சரிக்கிறார் என்று கேட்க வேண்டும். ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும். ஒரு வித்தியாசம், இங்கே ஏடு எழுதிய கை எல்லாமே பெண்களின் கை.

2004-ல் ஜெருசலேம் ஹீப்ருப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம், நோட்டிலும் நாடாவிலும் இருந்தவற்றிலிருந்து 42 பாட்டுகளைத் தேர்ந்து குறுந்தட்டாக வெளியிட்டது. தட்டின் பெயருக்குக் கிளிப் பாட்டுத்தான் கைகொடுத்தது. அடுத்த வருஷம் பென் ஸ்வி நிறுவனம், சக்கரியாவும் கம்லியேலும் பதிப்பித்த நூலைக் கொண்டுவந்தது. மலையாளப் பாட்டு, கூடவே ஹீப்ரு மொழிபெயர்ப்பு. அந்த நூலின் பெயர் ‘கார்குழலி’. அம்மாவுக்குத் தெரிந்து மகளுக்குத் தெரியாமல் போன மொழியும், மகளுக்குத் தெரிந்து அம்மாவுக்குப் புதிதாக இருந்த மொழியும் ஒரே நூலுக்குள் வந்துவிட்டன. சக்கரியா 2022-ல் மறைந்தார்.

அச்சானதோடு வேலை முடிந்துவிடவில்லை. பாடினால்தானே பாட்டு. சேந்தமங்கலத்தில் பிறந்து இஸ்ரேலுக்குப் போன காலியா ஹாக்கோ, பாட்டு நினைவிருந்த பெண்களைக் கூட்டி ‘நிரித்’ என்ற குழுவைக் கட்டினார். சிறுமிகளாகக் கேட்டதை வயதான பிறகு மறுபடி படித்து, பழகி, மேடையேற்றினார்கள். ரூத் ரூபின் நியூயார்க்கில் செய்ததற்கு இது குறைந்ததில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம், குழுப்பாட்டாகவே அதை வைத்துக்கொண்டது. ஒரு பெரிய குரலை முன்னால் நிறுத்தி மற்றவர்களைப் பின்னால் தள்ளவில்லை. நோட்டு எப்போதும் ஒருத்தியின் கையில் இருந்ததில்லை, கூட்டத்தில் சுற்றியது. மேடையிலும் அப்படியே.

ஆனாலும் நோட்டால் காப்பாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. அதில் இசைக்குறி கிடையாது. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை, மெட்டு எல்லாருக்கும் தெரிந்தது. சொல் மறந்துவிடும் என்றுதான் நோட்டு. மெட்டு மறக்கும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. ஒலிநாடா வருவதற்குள் இறந்துபோனவர்களோடு பல மெட்டுகள் போய்விட்டன. 300 பாட்டுகளில் கணிசமானவை இன்று படிக்கத்தான் முடியும், பாட முடியாது.

எங்கள் ஊரில் நிலைமை தலைகீழ். நடவுப் பாட்டின் மெட்டை முனகத் தெரிந்த வயதான அம்மாமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் சொல் வருவதில்லை. இரண்டு அடி வரும், நிற்கும், “அப்புறம் என்னமோ வருமே” என்பார்கள். வந்த இரண்டு அடியை நான் எழுதிக்கொள்கிறேன். எந்த வேலைக்கு, யார் எடுத்துக்கொடுக்கப் பாடியது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். முனகலைக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறேன். இரண்டு பேர் ஒரே பாட்டை வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வைக்கிறேன். எது சரி என்று நான் முடிவு கட்டுவதில்லை.